லாரிப்பேட்டையும் இடுப்பெலும்பும்

அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த லாரி பெரும்பாலும் முழு லாரி அல்ல. எஞ்சின், சேஸிஸ், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு தகரமுகம், அவ்வளவுதான். கண்ணுக்குக் கண்ணாடியும் முகத்துக்குத் துண்டுமாக ஒருவர் அதை வெயிலிலும் காற்றிலும் நாமக்கல்வரை ஓட்டி வருவார். அங்கே பட்டறையில்தான் கேபின் ஏறும், பாடி கட்டப்படும், டிரைவர் முதுகு சாய்க்க சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை பொருத்தப்படும், குலதெய்வத்தின் பெயர் கண்ணாடிக்கு மேலே எழுதப்படும். பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினால் வண்டி திரும்பி வர வாரக்கணக்காகும்.

கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதி இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு மண்தான் காரணம். காவிரிக் கரையை ஒட்டிய மோகனூர், பரமத்தி வேலூர் பக்கத்தை விட்டால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி எல்லாம் பெரும்பாலும் வானம் பார்த்த மேட்டாங்காடு. சோளமும் கம்பும் கடலையும் விளையும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. பங்காளிகள் சேர்ந்து காட்டை அடகு வைத்து, ஃபைனான்ஸில் ஒரு வண்டி எடுத்தார்கள். அண்ணன் டிரைவர், மச்சான் கிளீனர். ஒரு வண்டி இரண்டாகி, இரண்டு நான்கானது. திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளுக்குப் பெயர் வாங்கியது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிகளுக்கு. மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்தின் தலைமையிடமே நாமக்கல்லில்தான் இருக்கிறது. சென்னையில் இல்லாத ஒரு தலைமையகம் தமிழ்நாட்டில் அபூர்வம்.

இந்த ஊர்களின் செழிப்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அந்தச் செழிப்பை ஓட்டிச் சம்பாதித்தவர்களின் உடம்பைப் பற்றி எழுதியது குறைவு. அதிலும் எலும்பைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. அந்தக் கதை 1986-ல், நாமக்கல்லில் அல்ல, சென்னையில் தொடங்குகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வுக்கு ஒரு தலைப்பு கொடுத்தார்: எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருக்கிறதா? பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டுக் காப்பகத்தில் இருந்த பெண்கள் உள்ளிட்ட 80 பேரின் ரத்தத்தை நிர்மலா சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. மாதிரிகளை ஐஸில் வைத்து, கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 6 மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவிலும் அது உறுதியானது. மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தபோது நாட்டில் பலர் நம்பவில்லை. இதெல்லாம் வெளிநாட்டு வியாதி, நம் ஒழுக்கத்துக்கு இங்கே வராது என்றார்கள்.

ஒழுக்கத்தைக் கேட்டுக்கொண்டு கிருமி வருவதில்லை. பத்து ஆண்டுக்குள் அது நெடுஞ்சாலை வழியே ஊருக்குள் வந்துவிட்டது. சேலம், நாமக்கல், கரூர் என்று தெற்கே இறங்கும் சாலையும், சேலத்திலிருந்து ஈரோடு, கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் சாலையும் கொங்கு நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்துச் செல்கின்றன. வீட்டை விட்டு வாரக்கணக்கில் சாலையில் கிடக்கும் இளைஞர்கள், கையில் படிக்காசு, லோடுக்குக் காத்திருக்கும் இரவுகள். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது நாமக்கல் ‘ஏ’ பிரிவில் இருந்தது. பிரசவப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்கு மேலோ கிருமி இருந்த மாவட்டங்களுக்கான பிரிவு அது. கவனிக்க வேண்டியது இதுதான்: அளந்தது டிரைவர்களின் ரத்தத்தை அல்ல, வீட்டிலிருந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தை.

அப்படி வீட்டுக்குள்ளேயே கிருமி வந்து சேர்ந்த பெண்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா. சொந்தத்திலேயே ஒரு லாரி டிரைவரை மணந்தவர். திருமணமான சில வாரங்களில், 1995-ல், தனக்குக் கிருமி இருப்பதை அறிந்தார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்காராமல், 1998-ல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கி, பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். அவர் பேசத் தொடங்கிய காலத்தில் பரிசோதனை இருந்தது, மருந்து இல்லை. இருந்தது, ஆனால் வெளிநாட்டில். ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். நாமக்கல்லில் ஒரு லாரியே வாங்கிவிடலாம்.

கையில் காசில்லாதவர்கள் ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் சானடோரியத்துக்குப் போனார்கள். காசநோய்க்காகக் கட்டப்பட்ட அந்த அரசு மருத்துவமனை 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளின் கடைசிப் புகலிடமாகியிருந்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சி.என். தெய்வநாயகம், அலோபதி படித்தவர், ரசகந்தி மெழுகும் அமுக்கரா சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் கொடுத்தார். அது கிருமியை ஒழித்ததா என்ற வாதம் வேறு. தொடக்கூடப் பயந்த காலத்தில் படுக்கை கொடுத்து, தொட்டுப் பார்த்து, ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்த இடம் அது.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் தாம்பரம், பிறகு நாமக்கல், கோவை என்று ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்கள் பரவின. ரத்தப் பரிசோதனை மையத்துக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தார்கள். நோய் எதிர்ப்பு ஆற்றலைக் காட்டும் சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் மருந்து என்பது அன்றைய விதி. அதாவது, உடம்பு ஏறக்குறைய விழுந்த பிறகு. கிருமி இருந்தாலே மருந்து என்ற முடிவு 2017-ல்தான் வந்தது. இடைப்பட்ட 13 ஆண்டில் மருந்துக்கு வந்தவர்கள் பலரும் எலும்பும் தோலுமாக வந்தவர்கள். இது வெறும் சொல்வழக்கு அல்ல. எடை குறையக் குறைய எலும்பின் அடர்த்தியும் குறையும், அந்தக் கடன் பிறகு முழுதாக அடைவதில்லை.

மாத்திரைகள் ஒவ்வொன்றும் உடம்பில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயின. முதலில் வந்த ஸ்டாவுடின் மலிவு, அதனால் எல்லோருக்கும் அதுவே. அது கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கைகால் நரம்பு புடைத்த முகத்தை ஊரே அடையாளம் கண்டுகொண்டது, சொல்லாமலே தெரிந்துவிட்டது. பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல் வேறு; கிளட்சில் வைத்த கால் அழுத்துகிறதா இல்லையா என்றே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அதைக் கைவிடச் சொன்னது. அதற்கு மாற்றான ஜிடோவுடின் ரத்தச்சோகை தந்தது. அதன் பிறகு வந்தது டெனோஃபோவிர். கன்னத்தைத் தொடவில்லை, ரத்தத்தைத் தொடவில்லை, நாளுக்கு ஒரே மாத்திரை. மருத்துவர்களும் நோயாளிகளும் மூச்சு விட்டார்கள். நியாயமான நிம்மதிதான், அந்த மருந்து காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அது கைவைத்த இடம் வெளியே தெரியாத இடம்.

எலும்பு செத்த பொருள் என்று நினைப்பவர்கள் அதிகம். அது எந்நேரமும் மராமத்து நடக்கும் நெடுஞ்சாலை. ஒரு கூட்டம் அணுக்கள் பழைய தளத்தைப் பெயர்த்துக்கொண்டே போகும். பின்னால் வரும் இன்னொரு கூட்டம் புதுத் தளம் போடும். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் ஓயாமல் அழற்சியை மூட்டுவதால் பெயர்க்கும் கூட்டத்துக்கு வேகம் கூடிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரும்ப முளைக்கும்போது அந்த வேகம் இன்னும் கூடும். டெனோஃபோவிர் வேறொரு வழியில் வருகிறது: சிறுநீரகத்தின் நுண்குழல்களில் தங்கி, உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரில் ஒழுகவிடுகிறது. தளம் போட வந்தவர்களுக்குப் பொருள் இல்லை. மருந்து தொடங்கிய முதல் இரண்டு ஆண்டில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் குறைவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்தன. பெரும்பாலோருக்கு அதன் பிறகு சரிவு நின்றுவிடுகிறது. சிலருக்கு நிற்பதில்லை. இடுப்பிலும் குதிகாலிலும் வலி, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாமை, வாத்து நடை.

உலகம் இதைக் கண்டுபிடித்தது தவணை முறையில்தான். 1990-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ், கிருமி உள்ள ஒருவரின் இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போனதை விநோதமான ஒற்றைச் சம்பவமாக வெளியிட்டது. 2002-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள், இடுப்பில் எந்த வலியும் சொல்லாத 339 எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 15 பேருக்கு இடுப்பெலும்பு சாகத் தொடங்கியிருந்தது. கிருமி இல்லாத 118 பேரை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒருவருக்குக்கூட இல்லை. 2006-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, கிருமி உள்ளவர்களில் நூற்றில் 15 பேருக்கு எலும்புப்புரை இருப்பதும், மற்றவர்களைவிட அந்த வாய்ப்பு 3.7 மடங்கு என்பதும் தெரிந்தது. 2008-ல் மாசசூசெட்ஸ் மருத்துவமனைப் பதிவேடுகள் எலும்பு முறிவையே எண்ணிக் காட்டின: கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு 2.87, இல்லாதவர்களில் 1.77.

இந்த எண்களை நாமக்கல் டிரைவரின் உடம்பில் வைத்துப் பார்த்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். முதலில் வெயில். நாள் முழுக்க வெயிலில் ஓட்டுகிறவருக்கு வைட்டமின் டி குறையுமா என்று கேட்கலாம். குறையும். தோலில் அந்த வைட்டமினை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெப்பம் மட்டும் உள்ளே வரும். பழைய டிரைவர்களின் வலது முழங்கை மட்டும் கறுத்திருக்கும், ஜன்னலுக்கு வெளியே கிடந்த கை அது. உடம்பின் மற்ற பாகமெல்லாம் கேபினுக்குள் வியர்த்தது, அவ்வளவே. பிறகு பீடி. பிறகு குடி; இடுப்பு மூட்டுக்குப் போகும் ரத்தத்தை அடைப்பதில் குடிக்குத் தனிப் பங்கு உண்டு. நுரையீரல் தொற்றோ மூளைக் காசநோயோ வந்து ஸ்டீராய்டு போட்டிருந்தால் அது நான்காவது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வைட்டமின் டி-யை வேகமாகக் கரைக்கும். டெனோஃபோவிரோடு ஒரே மாத்திரையில் பல ஆண்டுகள் சேர்ந்து வந்த எஃபவிரன்ஸும் அதையே செய்யும். அந்த எஃபவிரன்ஸ் தலைச்சுற்றலும் விசித்திரக் கனவுகளும் தரும் என்பதால் படுக்கப் போகும்போது விழுங்கச் சொல்வார்கள். ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவன் எப்போது படுக்கப் போகிறான் என்பது மாத்திரை அட்டையில் எழுதியிருக்காது.

இவ்வளவும் ஆண்களைப் பற்றி. ஆனால் மருந்து வந்தபோது அந்த ஆண்களில் பலர் உயிரோடில்லை. முதலில் தொற்றியவர் முதலில் போனார். 2004-க்குப் பிறகு மருந்துக்கு வரிசையில் நின்றவர்களில் இளம் விதவைகள் நிறைய. இருபதுகளில் தாலியறுத்து, காட்டு வேலையோ திருப்பூர் பனியன் கம்பெனி வேலையோ பார்த்துப் பிள்ளையை வளர்த்த பெண்கள். நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது; அதோடு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜனும் நின்றுவிடும். கிருமி, மருந்து, வயது மூன்றும் ஒரே எலும்பின் மேல் விழும் கட்டம் அது. அவர்களுக்குக் கிருமியோடு பிறந்து, குழந்தைப் பருவத்திலிருந்தே மாத்திரை விழுங்கிய பிள்ளைகள் இன்னொரு வகை. எலும்பு தன் உச்ச வலிமையை அடைவது இருபதுகளில். அவர்களுக்கு அந்த உச்சமே சற்றுத் தாழ்வாக அமைந்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் எலும்புக்குப் பெயர்போன ஊர் கோவை. 1978-ல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனை, எலும்பு முறிவிலும் முதுகெலும்பிலும் உலக அளவில் பேசப்படும் இடமானது. அவர் மகன் எஸ். ராஜசேகரன், கோவைக்கு வருவதற்கு முன்பே, 1987-ல் டி.கே. சண்முகசுந்தரத்தோடு சேர்ந்து, முதுகெலும்புக் காசநோயில் எவ்வளவு எலும்பு கரைந்தது என்பதை வைத்துக் கூன் எத்தனை டிகிரியில் போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். அதற்கு அடிப்படை சென்னையில் 1975 முதல் நடந்த சிகிச்சை ஆய்வுகள். காசநோய்க்குக் கதவைத் திறந்துவிடும் கிருமி எச்.ஐ.வி.; ஆகவே எய்ட்ஸின் முதல் காலத்தில் ‘எலும்பு நோய்’ என்றால் எலும்பு மருத்துவர்களுக்கு நினைவுக்கு வந்தது முதுகைக் கூனாக்கும் இந்தக் காசநோய்தான். கண்ணுக்குத் தெரியும் நோய் அது. அடர்த்தி குறைவது எக்ஸ்ரேயில் தெரிவதற்கே மூன்றில் ஒரு பங்கு எலும்பு போயிருக்க வேண்டும்.

அறுவைக்குப் போவதும் லேசாக இருக்கவில்லை. எலும்பு அறுவை என்பது ரம்பமும் துளைக்கருவியும் சுத்தியலும் கொண்ட வேலை; ரத்தம் தெறிக்கும், எலும்புச் சில்லு கையுறையைக் கிழிக்கும். 1990-களில் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் ‘இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று திருப்பி அனுப்புவது நாடெங்கும் சாதாரணமாக நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியைக் காட்டும். கிருமியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மாத்திரையால் கிருமி அடங்கியவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்வது இன்று புதுமையும் அல்ல.

கொங்கு மண்ணில் இன்னொரு சிக்கலும் கிடக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அதிகமாகவும், சேலம், ஈரோடு, கோவை மாவட்டங்களில் அங்கங்கேயும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு உண்டு. திருச்செங்கோட்டு ரிக்குகள் எவ்வளவு ஆழம் போனாலும் கடினப் பாறைக்குள்ளிருந்துதான் நீரை எடுக்க வேண்டும். பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் ஃப்ளோரைடு கரைந்திருக்கும். அது எலும்பில் ஏறினால் எலும்பு கெட்டியாகும், ஆனால் எளிதில் உடையும். எலும்புக்கான டெக்சா ஸ்கேன் அளப்பது அடர்த்தியைத்தான், உறுதியை அல்ல. ஃப்ளோரைடு ஏறிய எலும்பு அதில் நன்றாகவே மதிப்பெண் வாங்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரி நீர் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் ஸ்கேனை அந்த நினைவோடு படிக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர் தன் கையிலிருந்ததைத் தானே விட்டது. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. கோவை வேளாண் கல்லூரியில் 1923-லேயே ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் தலைமையில் சிறுதானியங்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். லாரிப் பணம் வந்ததும் களி தின்பது கௌரவக் குறைச்சலானது. மூன்று வேளையும் அரிசி. இப்போது அதே ராகி ‘மில்லட்’ என்ற பெயரில் பாக்கெட்டில் வருகிறது, விலைதான் வேறு.

மருந்துச் சந்தையிலும் மாற்றம் வந்தது. 2015 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்த டெனோஃபோவிர் அலாஃபெனமைடு, பழைய 300 மில்லிகிராமுக்குப் பதில் 25 மில்லிகிராமிலேயே வேலை செய்கிறது. ரத்தத்தில் சுற்றும் மருந்தின் அளவு தொண்ணூறு சதவீதம் குறைவு, எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த அளவு நிம்மதி. எடையும் கொழுப்பும் சற்று ஏறும் என்பது அதன் குறை. நம் அரசுத் திட்டம் எஃபவிரன்ஸை விட்டு டோலுடெகிராவிருக்கு மாறியது. ஆனால் கூட்டு மாத்திரையில் பழைய டெனோஃபோவிர் 300 அப்படியே தொடர்கிறது. சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். எலும்புக்கென்று வழக்கமான பரிசோதனை எதுவும் பட்டியலில் இல்லை.

டெக்சா இயந்திரத்தை ஒவ்வொரு மையத்திலும் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் பாஸ்பேட் பார்ப்பதும், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் தாலுகா ஆஸ்பத்திரி ஆய்வகத்திலேயே முடிகிற காரியம். ஒழுகுவது டெனோஃபோவிரால்தான் என்றால் மருந்தை மாற்றினால் பலருக்கு வலி சில மாதங்களில் இறங்கிவிடும். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்தினால் அடுத்தது முறிவு. 2015-ல் வந்த சர்வதேச நிபுணர் குழுப் பரிந்துரை, கிருமி உள்ள 50 வயது கடந்த ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்கிறது. 1995-ல் 22 வயதில் லைசென்ஸ் எடுத்து நாமக்கல்லிலிருந்து முதல் லோடு ஏற்றியவருக்கு 2023-லேயே 50 ஆகிவிட்டது.